புலியும் கரடியும் எதிரெதிரே வந்தால்? (கறிதோசைப் பந்தயம்)

செல்லூர் ராத்திரி | வெள்ளி, இரவு 10.40

வணக்கம் மக்களே. நேற்று ஷிஃப்ட் முடிந்து கோரிப்பாளையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் மாப்ள ஒருவன் போனில் வீடியோ காட்டினான். புலி ஒன்று கரடியைக் கீழே தள்ளி மேலே ஏறி அமுக்குகிறது. கரடி திமிறி எழுந்து புலிமேல் பாய்கிறது. அதோடு வீடியோ நின்றுவிட்டது, பாழாய்ப்போன நெட்.

கடையில் உடனே இரண்டு கட்சி. டீ மாஸ்டர் புலிக் கட்சி, நானும்தான். "கரடி கையில் சிக்கினால் புலியாவது ஒண்ணாவது" என்று மாப்ள. தோற்கிற கட்சி எல்லாருக்கும் கறிதோசை வாங்கித்தர வேண்டும் என்று பேச்சு.

காட்டில் புலி கரடியை நிஜமாகவே அடித்துத் தின்னுமா, அடித்தால் யாருக்கு ஜெயம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "புலி காட்டுக்கு ராஜா" என்ற பதில் வேண்டாம், அதை மாஸ்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

ஜிகர்தண்டா 72 | வெள்ளி, இரவு 10.44

புலி. இழையை மூடிவிடலாம்.

எல்லீஸ் நகர் | வெள்ளி, இரவு 10.51

எந்தப் புலி, எந்தக் கரடி? ரஷ்யக் கரடி நம்மூர்க் கரடியைப் போல மூன்று மடங்கு இருக்கும். எடை தெரியாமல் பந்தயம் கட்டினீர்களா?

செல்லூர் ராத்திரி | வெள்ளி, இரவு 10.53

அண்ணே, டீக்கடையில் தராசா வைத்திருப்பார்கள்? கறுப்பாக, சடை சடையாக முடி, மார்பில் வெள்ளையாக ஒரு கோடு. நம்மூர்க் கரடி மாதிரிதான் இருந்தது.

வைகைக்கரை | வெள்ளி, இரவு 11.30

தம்பி, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மகாராஷ்டிரத்துத் தாடோபா காட்டில் 2018 பிப்ரவரிக் கடைசியில் எடுத்த வீடியோவாக இருக்கும். தண்ணீர் குடிக்க ஒரு தாய்க்கரடி குட்டியோடு வருகிறது. மட்காசுர் என்று அங்கே பெயர் வைத்திருக்கிற ஆண் புலியின் இடம் அது. புலி துரத்த, கரடி திரும்பி நின்றுகொண்டது. புலி அதைக் கீழே போட்டு அமுக்கிக்கொண்டு கிடந்தது, ஆனாலும் உயிரை எடுக்க முடியவில்லை. கரடி திமிறிக்கொண்டு வந்து மறுபடியும் மோதியது. கடைசியில் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன.

ஆக, அந்த வீடியோப்படி யாருக்கும் கறிதோசை கிடையாது.

ஆனால் அதை வேட்டை என்று சொல்ல மாட்டேன். இரை நிமிர்ந்து பார்ப்பதற்குள் பிடரியோ தொண்டையோ வாய்க்குள் வந்திருந்தால்தான் புலிக்கு அது வேட்டை. பதுங்குவதே பாய்வதற்குத்தானே, மல்லுக்கட்டுவதற்கு இல்லையே. தாடோபாவில் நடந்தது கைகலப்பு. கைகலப்பை வைத்து வேட்டைக்குத் தீர்ப்பு எழுதினால் தப்பாகப் போய்விடும்.

எடையும் கேட்டிருந்தார்கள். நம் ஆண் கரடி 80 முதல் 145 கிலோ வரை வரும், பெண் அதைவிடச் சிறிசு. நன்கு வளர்ந்த ஆண் வங்கப்புலி சாதாரணமாகவே 200 கிலோ. கனத்தில் புலிக்கு மிச்சம்தான். அப்படியிருந்தும் தினம் ஒரு கரடியை அடித்துத் தின்னாமல் ஏன் கடமானின் பின்னாலேயே அலைகிறது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜிகர்தண்டா 72 | வெள்ளி, இரவு 11.34

சஸ்பென்ஸ் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறாரே.

எல்லீஸ் நகர் | சனி, காலை 7.15

அவர் எழுந்து வருவதற்குள் ஒரு சந்தேகம். கரையானும் எறும்பும் தின்கிற பிராணிக்கு அவ்வளவு கோபம் ஏன்? எறும்புதின்னியும் அதையேதான் தின்கிறது. ஆளைக் கண்டால் பந்தாகச் சுருண்டு படுத்துக்கொள்கிறது, பாவம்.

வைகைக்கரை | சனி, காலை 9.05

எறும்புதின்னிக்கு ஓடு உண்டு. கரடிக்கு என்ன இருக்கிறது?

ஓடலாம் என்றால் புலி அதைவிட வேகம். மரம் ஏறலாம் என்றால், தேனுக்கும் பழத்துக்கும் நன்றாக ஏறுகிற கரடி, ஆபத்து என்று வந்தால் பொதுவாக மரத்தை நாடுவதில்லை. அதே காட்டில் சிறுத்தையும் இருக்கிறதே, அது மரத்திலும் வந்து பிடித்துவிடும். குட்டியைப் புதரில் ஒளித்துவைக்கவும் வழியில்லை. அதனால்தான் நம் கரடி குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரிகிறது. உலகத்தில் எட்டு வகைக் கரடி இருந்தாலும் இதை வழக்கமாகவே செய்வது இது ஒன்றுதான். ஆறேழு மாதத்துக்கு மேலும் குட்டிகள் அந்தச் சடைமுடியைப் பிடித்துக்கொண்டு சவாரி போகும்.

ஓட்டமும் இல்லை, மரமும் இல்லை, ஒளிவதும் இல்லை என்றானபின் மிச்சம் ஒரே வழி. சத்தம் போட்டு, இரண்டு காலில் எழுந்து, முந்திக்கொண்டு நாமே பாய்வது. புலி கணக்குப் பார்க்கிற பிராணி. ஏழெட்டு சென்டிமீட்டர் நகம் ஒரு தடவை கண்ணில் இறங்கினால் போதும், ஒரு கோரைப்பல் உடைந்தால் போதும், அதன் பிழைப்பு முடிந்தது. காயம் ஆறும்வரை சோறு போட அதற்கு யாரும் கிடையாது. "இவனிடம் வைத்துக்கொண்டால் செலவு அதிகம்" என்று புலியை யோசிக்கவைப்பதற்காகத்தான் கரடிக்கு அந்தக் கோபம்.

புலியும் கரடியும் சந்தித்த வீடியோக்கள் இன்றைக்கு நிறையக் கிடைக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு நகம்கூடப் படுவதில்லை. முறைப்பு, உறுமல், பொய்ப் பாய்ச்சல், பிறகு யாராவது ஒருவர் வழி விடுவார். பலநேரம் விடுவது புலிதான். உங்கள் மாப்ளயிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

செல்லூர் ராத்திரி | சனி, காலை 9.20

அவன் இந்த இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறான் அண்ணே. இப்போதே ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டான்.

அப்போது தின்பதே இல்லையா?

வைகைக்கரை | சனி, காலை 9.48

தின்னும், எப்போதாவது. கர்நாடகத்து நாகரஹொளே காட்டில் புலியின் கழிவைச் சேகரித்து, அதிலிருக்கும் முடியை வைத்து எதைத் தின்றது என்று பார்த்திருக்கிறார்கள். கடமான், காட்டுமாடு, புள்ளிமான், பன்றி என்றுதான் வரிசை போகிறது. கரடி அபூர்வம்.

அந்த அபூர்வமும் பெரும்பாலும் எங்கே நடக்கும் என்று கேளுங்கள். கரையான் புற்றில்! நம் கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டும் கிடையாது. அந்தச் சந்தில் உதட்டைக் குழாய்போலக் குவித்து, மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, முதலில் புழுதியை ஊதித் தள்ளும், பிறகு கரையானை உறிஞ்சும். வாக்வம் கிளீனர் மாதிரி வருகிற அந்தச் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். தலை முழுக்கப் புற்றுக்குள், காதில் தன் சத்தமே சத்தம். பின்பக்கமாக வருகிற புலிக்கு இதைவிட என்ன வேண்டும்? பிடரியில் ஒரே கவ்வு.

புற்றில் தலையை விட்டிருக்கும்போது புலிக்கு ஜெயம், நிமிர்ந்து பார்த்துவிட்டால் வாய்தா.

ஜிகர்தண்டா 72 | சனி, காலை 10.02

அதெல்லாம் சரி. அலங்காநல்லூர் வாடிவாசலில் ஒரு புலியை விட்டால் காளை ஜெயிக்குமா, புலி ஜெயிக்குமா?

இழைக் காவலர் | சனி, காலை 10.10

ஜிகர்தண்டா, அதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள். தொடங்காமல் விட்டாலும் நல்லது.

கணக்கு வாத்தியார் | சனி, மதியம் 1.30

பந்தயம் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு வந்தேன். புள்ளிவிவரம் வேண்டுமானால் ரஷ்யாவுக்குத்தான் போக வேண்டும். அந்நாட்டின் தூரக் கிழக்கில், சிகோட்டே அலின் மலைகளில், அமூர் புலியும் இரண்டு வகைக் கரடியும் ஒன்றாக வாழ்கின்றன. ஒன்று பழுப்புக் கரடி, மற்றது இமயமலையிலும் இருக்கிற கறுப்புக் கரடி. பனிநாடு என்பதால் தடம் பார்ப்பது சுலபம். எது எங்கிருந்து வந்தது, எங்கே பதுங்கியது, எங்கே உருண்டது என்பதெல்லாம் கோலம் போட்டதுபோலத் தெரியும்.

அங்கே பதிவான 44 மோதல்களின் கணக்கு இது. பாதியில் கரடி செத்திருக்கிறது. 27 சதவீதத்தில் புலி செத்திருக்கிறது. மிச்சம் 23 சதவீதத்தில் இரண்டும் பிழைத்துப் பிரிந்திருக்கின்றன.

உடனே டீ மாஸ்டர் விசில் அடிக்க வேண்டாம். இது 44 சந்திப்பு இல்லை, 44 மோதல். பனியில் ரத்தமும் ரோமமும் கிடந்தால்தான் ஆள் நின்று பார்ப்பார், நோட்டில் எழுதுவார். ஒன்றையொன்று மோப்பம் பிடித்துவிட்டு விலகிப்போன சந்திப்புகள் எத்தனை நூறோ, அவை யார் நோட்டிலும் ஏறாது. வகுப்பில் அடிக்கடி சொல்வேன், ஆஸ்பத்திரி வாசலில் நின்று கணக்கெடுத்தால் ஊரில் எல்லாருக்கும் காய்ச்சல் என்றுதான் விடை வரும்.

இன்னொன்று, செத்த கரடி எது? பெரிய ஆண் பழுப்புக் கரடி 300 கிலோவைத் தாண்டும், புலியைவிடக் கனம். அதன்மேல் புலி அநேகமாகக் கை வைப்பதில்லை. அது அடிப்பது கறுப்புக் கரடிகளையும் இளசுகளையும் பெண் கரடிகளையும். குளிர்காலத்தில் குகைக்குள் தூங்கும் கரடியையும் விடாது. எடையைப் பிரிக்காமல் மொத்தமாகக் கூட்டிச் சராசரி போட்டால் என் மாணவனாக இருந்தாலும் முட்டைதான் போடுவேன்.

எல்லீஸ் நகர் | சனி, மதியம் 1.52

சார், தூங்குகிறவனை அடிப்பது என்ன வீரம்?

கணக்கு வாத்தியார் | சனி, மதியம் 2.05

புலி என்ன பரமவீர் சக்ராவுக்கா விண்ணப்பம் போட்டிருக்கிறது? அதற்கு வேண்டியது கொழுப்பு. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தின்ன உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்போடு ஒருவன் தூங்குகிறான். அங்கே கரடியை அடித்த புலி முதலில் தின்பது முதுகு, தொடை, அடிவயிற்றுப் பக்கத்துக் கொழுப்பைத்தான். அடிக்கிற முறையும் நம் வைகைக்கரை சொன்னதுபோலத்தான். பாறை மேலிருந்தோ மறைவிலிருந்தோ குதித்து, ஒரு கையால் தாடையையும் இன்னொரு கையால் தொண்டையையும் பிடித்துக்கொண்டு கழுத்தெலும்பைக் கடிப்பது.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிட வேண்டும். வசந்தத்தில் பசியோடு எழுகிற பெரிய பழுப்புக் கரடிகள் புலித்தடத்தைப் பின்தொடர்ந்து போய், புலி அடித்த மானைப் பிடுங்கித் தின்னும். உழைப்பு புலிக்கு, சாப்பாடு கரடிக்கு. நம்மூர்க் கரடி இதற்கெல்லாம் போவதில்லை. அதற்குக் கறியில் ஆசை குறைவு, குளிர்காலத் தூக்கமும் கிடையாது. அதனால் ரஷ்யக் கணக்கை அப்படியே சாப்டூர் மலைக்குக் கொண்டுவந்து போட முடியாது.

சாப்டூர்க்காரன் | சனி, மாலை 6.20

சாப்டூர் என்று எழுதியதைப் பார்த்ததும் கை பரபரத்தது. எனக்கு ஊரே அதுதான். மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர் தாண்டி வந்தால் எங்கள் ஊர், அதற்குப்பின் மலை. 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அறிவித்தபோது எங்கள் பக்கத்துக் காடும் அதற்குள் வந்துவிட்டது. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டில் ஐந்தாவது, நாட்டில் 51-ஆவது. மதுரை மாவட்டத்தில் புலிக்காடு இருக்கிறது என்றால் டவுன்காரர்கள் "நாகமலையிலா?" என்று கேட்கிறார்கள். நாகமலையில் இல்லை ஐயா, எங்கள் ஊரில்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். மலையடியில் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம், ஓரத்தில் ஓடை. ஆள் உயரத்துக்கு ஒரு புற்று, கடப்பாரை போட்டாலும் தீப்பொறி பறக்கும் மண். ஒருநாள் விடிகாலை ஆட்டைத் தேடிப் போனேன். புற்றுக்குப் பின்னாலிருந்து உர்ர், புஸ் என்று சத்தம். யாரோ மோட்டார் வைத்து ஓடைத் தண்ணீரை எடுக்கிறான் என்று நினைத்து, "எவன்டா அது" என்று அதட்டிக்கொண்டே சுற்றி வந்தேன்.

சத்தம் நின்றது. மண் அப்பிய ஒரு மூஞ்சி என்னைப் பார்த்தது. பத்தடிதான் இருக்கும். அடுத்து என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கத்தல், அது கத்தியதா நான் கத்தியதா என்பதே சந்தேகம். எழுந்து நின்றது, விழுந்தடித்துப் பாய்ந்தது, நான் மல்லாக்க விழுந்தேன். என்மேல் அதன் மூச்சு படுகிற தூரத்துக்கு வந்து, அப்படியே திரும்பி ஓடைக்குள் இறங்கிப் போய்விட்டது. கைலி கிழிந்தது, முழங்கை உரிந்தது, வேறொன்றும் இல்லை. வீட்டில் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன்.

பக்கத்து ஊர்ப் பளியர் பெரியவர் ஒருவர், தேனுக்கு மலையேறுகிறவர், பார்க்க வந்தார். "நீ முன்னாடி வந்து அதட்டினதால பிழைச்சே. சத்தமில்லாம பின்னாடி போயிருந்தா உன்னைப் புலின்னு நெனச்சிருக்கும்" என்றார். அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. இன்று காலை வைகைக்கரை எழுதியதைப் படித்தபோதுதான் உறைத்தது.

வைகைக்கரை | சனி, மாலை 6.58

அந்தப் பெரியவர் இரண்டு வரியில் சொன்னதைத்தான் ஆய்வாளர்களும் சொல்கிறார்கள். நம்மேல் பாய்கிற கோபம் நமக்காக உண்டானது இல்லை. காலங்காலமாகப் புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்ததில் ஊறியது. திடீரென்று பக்கத்தில் ஒரு உருவம் வந்தால், யார் என்று விசாரித்துக்கொண்டிருந்த கரடிகள் வம்சம் விட்டுப்போயிருக்காது. கண்பார்வையும் அதற்கு மட்டம். நாம் வாங்குவது புலிக்குப் போட்ட அடி.

மனிதர்களை அது தாக்கும்போது முகத்தையும் தலையையுமே குறிவைப்பதும் அதனால்தானோ என்று எனக்குத் தோன்றும். எதிரியின் ஆயுதம் இருக்கிற இடம் அதுதானே. (இது என் ஊகம், ஆய்வு இல்லை.) 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் பக்கம் ஒரே கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியதே, நினைவிருக்கும். தின்பதற்காக அப்படிச் செய்யவில்லை.

மன்னார்க் காற்று | சனி, இரவு 8.15

நான் இலங்கைக்காரன், மதுரைக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆயிற்று. வைகைக்கரை அண்ணனின் விளக்கத்தில் ஒரு ஓட்டை தெரிகிறது. எங்கட நாட்டில் புலியே கிடையாது. சிறுத்தைதான் உண்டு, அதைத்தான் நாங்கள் புலி என்கிறது. ஆனால் வில்பத்து, யால காடுகளில் கரடி இருக்கிறது, உங்கட கரடியின் இனம்தான். அதுவும் ஆளைக் கண்டால் இதே மாதிரித்தான் பாயும். காட்டுக்குப் போகிற சனம் யானையைவிடக் கரடிக்குத்தான் பயப்படும். புலிக்காக வந்த கோபம் என்றால் புலி இல்லாத தீவில் அது ஏன்?

எல்லீஸ் நகர் | சனி, இரவு 8.19

சபாஷ். இப்படி ஒரு கேள்வி வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்.

வைகைக்கரை | சனி, இரவு 9.40

நல்ல அடி. சாப்பிட்டுவிட்டு யோசித்துவிட்டு வந்தேன்.

இலங்கையில் இன்றைக்குப் புலி இல்லை, ஒருகாலத்தில் இருந்தது. இரத்தினபுரிப் பக்கத்தில் புலியின் பல்லும், குருவிட்டப் பக்கத்துக் குகையில் எலும்பும் கிடைத்திருக்கின்றன. அந்த எலும்பு பதினாறாயிரம் ஆண்டுக்கு முந்தையது. கடல் மட்டம் தாழ்ந்து தீவும் நாடும் தரையால் ஒட்டியிருந்த காலத்தில் புலியும் போனது, கரடியும் போனது. புலி அழிந்துவிட்டது, கரடி தங்கிவிட்டது. எதிரி போன அன்றைக்கே குணமும் போய்விடுமா? தாத்தா காலத்துப் பங்காளிச் சண்டைக்கு இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசாத குடும்பங்கள் நம் ஊரில் எத்தனை!

கூடவே அங்கே சிறுத்தை இருக்கிறது. பெரிய கரடியை அது ஒன்றும் செய்யாது, ஆனால் குட்டிக்கு எமன். அதனால் பாய்கிற தாய்க்கு அங்கேயும் வேலை இருக்கிறது. ஆனாலும் புலி மட்டுமே காரணம் என்கிற தொனியில் காலையில் எழுதினேன் என்றால் அது அதிகப்படிதான். திருத்திக்கொள்கிறேன்.

மன்னார்க் காற்று | சனி, இரவு 9.52

பாதி ஏற்கிறேன் அண்ணே. மிச்சப் பாதிக்கு நாளைக்கு வாறேன்.

ஜிகர்தண்டா 72 | சனி, இரவு 10.05

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தங்கச்சி மகன் ராத்திரி தூக்கத்தில் பயந்து அழுகிறான். கரடி முடி வைத்துத் தாயத்துக் கட்டினால் சரியாகும் என்கிறார்கள். எங்கே கிடைக்கும்?

இழைக் காவலர் | சனி, இரவு 10.12

இங்கே கிடைக்காது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி, அதன் முடியை வாங்குவதும் விற்பதும் குற்றம். பையனைக் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். போன் நம்பரோடு வந்த பதில் ஒன்றை நீக்கியிருக்கிறேன்.

தமிழ் டீச்சர் | ஞாயிறு, காலை 6.30

பிள்ளைகளா, ராத்திரி முழுக்க இதைப் படித்தேன். ரிட்டையர் ஆனவளுக்கு வேறு என்ன வேலை.

புற்று, கரடி, புலி மூன்றும் சேர்ந்து வருகிற ஒரு பாட்டு அகநானூற்றில் உண்டு, எட்டாவது பாட்டு. ராத்திரியில் தலைவனைப் பார்க்க மலைவழியில் போக வேண்டியதைத் தலைவி தோழியிடம் சொல்கிறாள். அதில் முதலில் வருவது ஆண் கரடி. ஈசல் புற்றின் ஈரமான புறத்தில் நின்று தோண்டுகிறது. அது தேடுவது குரும்பி. புற்றுக்குள் கரையான் கட்டிவைக்கிற, தேனடை மாதிரி இருக்குமே, அதுதான். அந்த நகம் பட்டு உள்ளேயிருந்த பாம்பு வலுவிழக்கிறதாம். அடுத்து வருவது புலி. பெரிய பன்றியை அடித்து, பலாமரச் சரிவெல்லாம் புலால் நாற இழுத்துக்கொண்டு போகிறது.

பாடியவர் பெருங்குன்றூர் கிழார். காட்டைப் பார்த்தவர் என்பதற்கு எனக்கு இந்த ஒரு பாட்டே போதும். ஒரே மலை, ஒரே நள்ளிரவு. கரடி புற்றில் நிற்கிறது, புலி பன்றியோடு போகிறது. இரண்டையும் மோதவிட்டிருந்தால் பாட்டு இன்னும் விறுவிறுப்பாக இருந்திருக்கும், அவர் விடவில்லை. வைகைக்கரை சொன்ன நாகரஹொளே வரிசையிலும் பன்றி இருக்கிறது, கரடி அபூர்வம் என்கிறார்.

பாட்டில் புற்று ஈரமாக இருக்கிறதே, அதையும் கவனியுங்கள். சாப்டூர்த் தம்பி கடப்பாரையில் தீப்பொறி பறக்கும் என்றாரே, அது கோடையில். மழை பெய்து ஊறிய பிறகுதானே தோண்ட வசதி?

சாப்டூர்க்காரன் | ஞாயிறு, காலை 7.10

ஆமாம் டீச்சர். எனக்கு நடந்ததும் ஐப்பசி மழைக்குப் பிறகுதான். கோடையில் அது புற்றைவிட அதிகமாகக் கொன்றைப் பழத்துக்கும் நாகப்பழத்துக்கும் அலையும், சாணியைப் பார்த்தாலே தெரியும், முழுக்க விதை.

பேரையூர் பங்காளி | ஞாயிறு, காலை 8.45

என் தாத்தா கண்ணால் பார்த்திருக்கிறார். சதுரகிரிக்கு வாழைத்தோப்புப் பாதையில் ஆடி அமாவாசைக்குப் போகும்போது ஒரு பெரிய கரடி செத்துக் கிடந்ததாம். முதுகும் பின்தொடையும் தின்றிருந்ததாம், நாலு பாதமும் அப்படியே இருந்ததாம். புலிதான் அடித்தது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லீஸ் நகர் | ஞாயிறு, காலை 8.58

சிவபூஜைக்குப் போகிற வழியில் கரடியா? பங்காளி, தாத்தா கரடி விட்டிருக்கிறார்.

பேரையூர் பங்காளி | ஞாயிறு, காலை 9.03

செத்தவரைப் பற்றிப் பேசுகிறோம், பார்த்துப் பேசுங்கள்.

எல்லீஸ் நகர் | ஞாயிறு, காலை 9.06

மன்னித்துவிடுங்கள். வாய் துடுக்கு.

வைகைக்கரை | ஞாயிறு, காலை 9.50

தாத்தா பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. முதுகும் தொடையும் போயிருந்தது என்பது வாத்தியார் சொன்ன ரஷ்ய வழக்கத்தோடு ஒத்துப்போகிறது. கதை கட்டுகிறவர் என்றால் "குடலை உருவிப் போட்டிருந்தது" என்றுதான் கட்டுவார்.

ஆனால் புலி தின்றது வேறு, புலி கொன்றது வேறு. கரடி நோயில் சாகலாம், பாறையிலிருந்து விழுந்து சாகலாம், இன்னொரு கரடியோடு சண்டை போட்டுச் சாகலாம். கிடக்கிற பிணத்தை எந்தப் புலியும் விடாது, செந்நாயும் பன்றியும்கூட விடாது. எது கொன்றது என்று பார்க்க வனத்துறை டாக்டர்கள் தோலை உரிப்பார்கள். பிடரியில் கோரைப்பல் துளை இருக்கிறதா, அந்தத் துளையைச் சுற்றித் தோலுக்கடியில் ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் அப்படிக் கட்டும். செத்தபின் கடித்த இடம் வெளிறிக் கிடக்கும். அப்புறம் சுற்றுவட்டாரம். புல் மடிந்திருக்கிறதா, இழுத்த தடம் உண்டா, பக்கத்தில் உடைத்த புற்று உண்டா?

ஆடி அமாவாசைக் கூட்டத்தில் நடந்துபோகிற பெரியவர் இதையெல்லாம் நின்று பார்த்திருக்க முடியாது. அவர் பார்த்தது உண்மை, சொன்ன காரணம் உண்மையாக இருக்கலாம். நான் அதற்குமேல் போக மாட்டேன்.

பேரையூர் பங்காளி | ஞாயிறு, காலை 10.15

சரிங்க. பக்கத்தில் புற்று இருந்ததா என்று அப்போதே கேட்டிருக்கலாம். யாருக்குத் தெரியும் இப்படி ஒரு இழை வருமென்று.

செல்லூர் ராத்திரி | ஞாயிறு, இரவு 9.15

டீக்கடையில் உட்கார்ந்து இந்த இழையைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வாத்தியாரின் 50 சதவீதம் வந்ததும் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். 27 சதவீதம் வந்ததும் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி வாசல் உதாரணத்தைக் கேட்டபின் இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்து முறைத்தார்கள்.

முடிவு இதுதான். எதிரெதிரே பார்த்துக்கொண்டால் மாப்ள ஜெயித்தான், பின்னாலிருந்து வந்தால் மாஸ்டரும் நானும் ஜெயித்தோம். கறிதோசைக் காசை மூன்றாகப் பங்கு போட்டோம். மாப்ள மட்டும் கூடுதலாக ஒரு கலக்கி சொல்லிக்கொண்டான், தாய்க்கரடிக்காகவாம்.

ஜிகர்தண்டா 72 | ஞாயிறு, இரவு 9.21

காளை விஷயத்தை அப்படியே விட்டுவிட்டீர்களே.

சாப்டூர்க்காரன் | திங்கள், காலை 8.05

ஞாயிறு சாயங்காலம் இங்கே நல்ல மழை. டீச்சர் எழுதியது மனசிலேயே இருந்ததால் காலையில் நிலத்துக்குப் போனேன். இந்தத் தடவை தம்பியையும் கூட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் தூக்குவாளியில் தட்டிக்கொண்டே.

அதே புற்றுதான், இவ்வளவு வருடத்தில் இன்னும் ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. கீழ்ப்பக்கம் புதிதாகத் தோண்டியிருக்கிறது, என் தோள்வரை கை போகிற ஆழம். உள்ளே உடைந்த குரும்பித் துண்டு ஒன்று கிடந்தது, தம்பி அதுவரை பார்த்ததில்லையாம். மண்ணில் ஐந்தைந்தாக நகக்கீறல், ஓடைப்பக்கம் இறங்கிப் போன தடம், அதற்குப் பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு தடம் பத்தடிக்கு வந்து நின்றுவிட்டது. அதற்குப்பின் பெரிய தடம் மட்டும்தான் இருந்தது. தம்பி பயந்துவிட்டான், குட்டியை ஏதோ தூக்கிவிட்டது என்று. சுற்றிப் பார்த்தோம், ரத்தம் இல்லை, வேறு தடமும் இல்லை. பெரிய தடம் மட்டும் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் ஆழமாகப் பதிந்திருந்தது.

முதுகில் ஏற்றிக்கொண்டிருக்கிறது.